அறியாதிருக்க நமக்கு உரிமை உண்டா?

மனிதன் நோய்க்கு மட்டும் அஞ்சுவதில்லை; நோயைப் பற்றிய செய்திக்கும் அஞ்சுகிறான். சில வேளைகளில் நோயைவிடச் செய்திக்கே மிகுதியாக அஞ்சுகிறான். உடலினுள் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தாலும், அதன் பெயரை யாரும் சொல்லாதவரை அது இல்லை என்றே எண்ணி வாழ நம்மால் முடிகிறது. இந்த அச்சம் கோழைத்தனமா, குற்றமா, அல்லது மதிக்கத்தக்க ஓர் உரிமையா என்று இங்கே சிந்திக்க விழைகிறோம். பொதுப்படப் பேசினால் சிந்தனை காற்றில் கரைந்துவிடும். ஆகவே ஒரே ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம்: பெருங்குடல் புற்றுநோய்க்கான முதற்கட்டச் சோதனையில் 'பாசிட்டிவ்' என்று முடிவு வந்த ஒருவர், அடுத்த சோதனைக்குச் செல்லக் கடமைப்பட்டவரா?

கரூருக்கும் காங்கயத்துக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்தது நம் வெள்ளகோவில். விசைத்தறியின் ஓசையோடு விடியும் ஊர் இது. தறிக்குச் செல்லாதோர் பலர் திருப்பூர்ப் பனியன் நிறுவனங்களின் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கின்றனர். உடலே இங்கு மூலதனம். அந்த உடலில் மலத்தோடு இரத்தம் தென்பட்டால் நம்மவர் கூறும் விளக்கங்கள் மூன்று: "சூடு", "மூலம்", "உட்கார்ந்தே வேலை செய்வதால் அப்படித்தான்." பேருந்து நிலையச் சுவர்களில் மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் உடனடிக் குணம் கூறும் சுவரொட்டிகள் அந்த விளக்கங்களுக்கு ஆதரவாக நிற்கின்றன. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கு உள்ளேதான் நம் கேள்வி குடியிருக்கிறது.

முதலில் சோதனையைப் புரிந்துகொள்வோம். சிறிதளவு மலத்தில், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்துள்ளதா என்று பார்ப்பதே முதற்கட்டம். 'ஃபிட்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இன்றைய முறை, மனித இரத்தத்துக்கே உரிய புரதத்தை அடையாளம் காண்கிறது. முன்பிருந்த வேதியியல் முறையில் உண்ட இறைச்சியும் முடிவைக் குழப்பக்கூடும். எனவே "முந்தின நாள் ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிட்டேன், அதனால்தான்" என்ற விளக்கம் பழைய முறைக்குப் பொருந்தியிருக்கலாம். இன்றைய முறைக்குப் பொருந்தாது.

இச்சோதனையின் பயன் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்பட்ட ஒன்று. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,551 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1993-இல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் மலச் சோதனை செய்துகொண்டோரிடையே பெருங்குடல் புற்றுநோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை அது காட்டியது. ஆனால் இறப்பைக் குறைத்தது மலம் தடவிய அட்டையன்று. அட்டை எச்சரித்தபின் செய்யப்பட்ட கொலனோஸ்கோபி சோதனையும், அதன் வழி கிடைத்த சிகிச்சையுமே இறப்பைக் குறைத்தன. வளையக்கூடிய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பதே அச்சோதனை. 'பாலிப்' எனப்படும் சதைமொட்டுகள் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுகின்றனர். அத்தகைய மொட்டு புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவில் ஆகிறது. ஆகவே இச்சோதனை நோயைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. வரவிருந்த நோயை வராமலும் தடுக்கிறது.

'பாசிட்டிவ்' என்ற சொல் நம் மக்களின் காதில் தீர்ப்பாக விழுகிறது. அது தீர்ப்பன்று, கேள்வி. அம்முடிவு பெற்ற 100 பேரில் 90-க்கும் மேற்பட்டோருக்குப் புற்றுநோய் இராது. கணிசமானோருக்குச் சதைமொட்டுகள் இருக்கும். சிலருக்கு மூலம் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே இராது. தறியோட்டுவோர் இதை எளிதில் உணர்வர். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கிறது. நின்றதனால் துணி கெட்டுவிட்டது என்று பொருளன்று. 'வந்து பார்' என்று பொருள். நூல் அறாமலே தறி நின்றுவிடுவதும் உண்டு. எனினும் அருகில் சென்று பாராமல் எந்த நெசவாளியும் தறியை மீண்டும் ஓட்டிவிடுவதில்லை.

ஆனால் தன் உடல் நின்று அழைக்கும்போது, சென்று பார்க்காதோர் பலர். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் 'ஃபிட்' சோதனையில் பாசிட்டிவ் ஆன 1,11,423 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுள் 23,410 பேர் கொலனோஸ்கோபிக்குச் செல்லவில்லை. ஏறக்குறைய ஐவரில் ஒருவர்! பத்தாண்டுகளில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தோர், சோதனைக்குச் சென்றவர்களில் 1000-க்கு 6.8 பேர், செல்லாதவர்களில் 1000-க்கு 16 பேர். நோய் கண்டோரின் எண்ணிக்கையில் வேறுபாடு அவ்வளவு பெரிதன்று: சென்றோரில் 1000-க்கு 44.7, செல்லாதோரில் 54.3. இரு சாராரும் வேறு வகைகளிலும் வேறுபட்டிருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் இந்த எண்கள் கூறும் உண்மை கசப்பானது. பாராதிருந்தது நோயினின்று அவர்களைக் காக்கவில்லை. தப்பும் வழியைத்தான் குறுக்கியது.

இனி, அறநெறிக் கேள்விக்கு வருவோம். அறிந்துகொள்ளாதிருக்க மனிதனுக்கு உரிமை உண்டு என்போர் வெறுங்கையோடு வருவதில்லை. ஐரோப்பிய மன்றம் 1997-இல் ஸ்பெயினின் ஒவியெதோ நகரில் கையெழுத்துக்கு வைத்த மனித உரிமை, உயிர்மருத்துவ உடன்படிக்கை, தன் உடல்நிலை பற்றிய செய்தியை அறிய விரும்பாதவரின் விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட மனித மரபணுத்தொகை பற்றிய அறிக்கையும், மரபணுச் சோதனையின் முடிவை அறிவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையை ஏற்கிறது. இவ்வுரிமையை நாம் எள்ளி ஒதுக்க மாட்டோம். மருந்தில்லாத மரபு நோய் நாற்பது வயதில் வரும் என்று இருபது வயது இளைஞன் அறிந்து ஆவதென்ன? அறிவு அங்கே விளக்காக இல்லாமல் சுமையாகவே ஆகக்கூடும்.

ஆனால் நாம் எடுத்துக்கொண்ட சூழ்நிலை வேறு. இங்கே அறிவுக்குக் கை இருக்கிறது. அது மொட்டைக் கிள்ளும். மேலும், முதற்சோதனையைச் செய்துகொண்டவர் முற்றிலும் அறியாதவர் அல்லர். அவர் பாதி அறிந்துவிட்டார். மீதிப் பாதியை அறியாதிருக்கவே முயல்கிறார். அறியாமை எல்லாம் ஒரே தன்மையதன்று என்பதைப் புனித தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். முயன்றும் நீக்க முடியாத அறியாமை உண்டு, அது குற்றமாகாது. அறிய வேண்டியதைக் கவனக்குறைவால் அறியாது விடுவதும் உண்டு. தன் வழிக்குத் தடை வந்துவிடலாகாதே என்று விரும்பியே போற்றிக்கொள்ளும் அறியாமையும் உண்டு. இந்தக் கடைசி வகை மனிதனின் பொறுப்பை நீக்குவதில்லை. ஏனெனில் அந்த அறியாமை அவனுடைய விருப்பத்திலேயே பிறக்கிறது.

ஆங்கிலச் சிந்தனையாளர் கிளிஃபர்டு 1877-இல் எழுதிய கட்டுரையொன்றில் ஒரு கப்பல் முதலாளியைப் படைத்துக் காட்டினார். கப்பல் பழையது என்பதை அவன் அறிவான். ஐயம் எழுந்தபோதெல்லாம் 'எத்தனையோ புயலைக் கண்ட கப்பல் இது' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்பினான். கப்பல் மூழ்கியது. நல்ல வேளையாக அது கரைசேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்பது கிளிஃபர்டின் முடிவு. சோதித்துப் பாராமல் நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்பதே காரணம்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "அவன் ஏற்றியது பிறரை. என் உடலில் பயணம் செய்பவன் நான் மட்டும்தானே? மூழ்கினால் நான் மூழ்குகிறேன்." கேள்வி நியாயமானது. ஆனால் வெள்ளகோவிலில் எந்தக் குடும்பத் தலைவனின் உடலில் அவன் மட்டும் பயணம் செய்கிறான்? முதலாளியிடம் வாங்கிய முன்பணம், பெண்ணின் திருமணம், மகனின் பாலிடெக்னிக் கட்டணம், முதிய தாயின் கஞ்சி ஆகிய அனைத்தும் அந்தக் கப்பலில்தான் இருக்கின்றன. உயிரை உடைமை என்று கொள்வோருக்கும் இக்கடமை உண்டு. அதை ஒப்படைப்பு என்று நம்பும் நமக்கு மிகுதியாகவே உண்டு.

அறிய மறுப்பவர் எல்லோரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. "இன்னொரு முறை அதே சோதனையைச் செய்து பார்ப்போம்" என்று கூறுவோரும் உண்டு. இரண்டாம் முறை 'நெகட்டிவ்' என வந்தால் நிம்மதியடைகின்றனர். குடலிலுள்ள மொட்டோ கட்டியோ நாள்தோறும் இரத்தம் கசிவதில்லை. இன்று கசியாதது நேற்றைய கசிவைப் பொய்யாக்காது. ஏற்றுமதிக்கு ஆயத்தமான பெட்டிகளில் சிலவற்றைத் திறந்து மாதிரி பார்ப்பது திருப்பூரின் வழக்கம். மாதிரியில் அளவுக்கு மிஞ்சிய பழுது கண்டால், நல்ல ஆடைகள் கிடைக்கும்வரை வேறு வேறு பெட்டிகளைத் திறந்து பார்ப்பது நேர்மையாகுமா? எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் பார்ப்பதே நேர்மை. நானூறு பேர் இனிப்பாகச் சொன்ன வாக்கை ஏற்று, கசப்பைச் சொன்ன மீக்காயா ஒருவரைச் சிறையிலடைத்துப் போருக்குப் போன ஆகாபு அரசனின் கதை விவிலியத்தில் உண்டு. அவன் உயிரோடு திரும்பவில்லை. விரும்பிய விடை வரும்வரை கேட்டுக்கொண்டிருப்பவன் உண்மையில் எதையும் கேட்கவில்லை.

இதுவரை சொன்னது பாதி உண்மை. இத்தோடு நிறுத்தினால் ஏழையின் தோளில் சுமையை ஏற்றிவிட்டு, விரலாலும் தொடாத அறநெறியாகிவிடும் இது. கொலனோஸ்கோபிக்கு முன் குடலைக் கழுவ வேண்டும். அதற்கான நீர்மத்தைப் பெருமளவு குடித்துவிட்டு, ஓர் இரவில் பலமுறை கழிவறைக்குச் செல்ல வேண்டும். லைன் வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரே கழிவறை. இரவு முழுவதும் அதன் வாசலில் நிற்கப்போகும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். தயாரிப்புக்கு ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள் என இரு நாள் கூலி போகும். மயக்க மருந்து கொடுப்பதால் உடன் ஒருவர் வர வேண்டும்; அவருடைய கூலியும் போகும். அரிதாக என்றாலும், குடலில் துளை விழும் ஆபத்தும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக வெட்கம். தன் உடலின் மறைவிடத்தை அயலாருக்குக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று கூறும் முதியோரை நாம் ஒவ்வொரு பங்கிலும் சந்திக்கிறோம்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24-ஆம் நாள் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரைப் பேண இயல்பான வழிகளைக் கையாளவே மனிதன் கடமைப்பட்டவன் என்றார். எது இயல்பானது என்பது ஆள், இடம், காலம், பண்பாடு ஆகியவற்றைப் பொறுத்தது. தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகாததே அது என்றும் விளக்கினார். இவ்வளவுகோலின்படி, வேறொரு கொடிய நோயால் படுக்கையிலிருக்கும் எண்பத்தைந்து வயது மூதாட்டியை இச்சோதனைக்கு எவரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஐம்பது வயதுத் தறித்தொழிலாளிக்கோ அது இயல்பான வழியே. ஆனால் பேருந்துக் கட்டணம், கூலி இழப்பு, கழிவறை ஆகியவை அவருக்கு அதைப் பெருஞ்சுமையாக்கக்கூடும். அப்போது கடமை மறைந்துவிடுகிறதா? இல்லை, அதன் ஒரு பகுதி நம் தோளுக்கு மாறுகிறது.

இதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. வெள்ளகோவிலிலிருந்து மூலனூர், தாராபுரம் வழியே தெற்கே சென்றால் ஒட்டன்சத்திரம். அதற்கு அருகே அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூகநல மருத்துவ மையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து, திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வை நடத்தியது. 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டனர். 3,088 பேருக்கு முதற்சோதனை பாசிட்டிவ். அவர்களுள் அடுத்த கட்டச் சோதனையைச் செய்துகொண்டோர் எத்தனை பேர்? 3,052 பேர்! நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேல். 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, சோதனைத் திட்டம் நடந்த ஊர்களில் அந்நோயால் நேர்ந்த இறப்பு ஒப்பீட்டு ஊர்களைவிட 35 விழுக்காடு குறைவு. சோதனை வழங்கப்படாத ஒப்பீட்டுக் குழு பற்றிய அறக்கேள்விகள் பின்னர் எழுந்ததும் உண்மை. அது தனிக் கட்டுரைக்குரியது.

படிப்பிலும் பணத்திலும் வெனெட்டோ மக்களுக்கு மிகவும் பிற்பட்ட இப்பெண்கள், அடுத்த சோதனையில் அவர்களை விஞ்சியது எப்படி? பயிற்சி பெற்ற செவிலியர் முதற்சோதனை செய்த அதே வருகையிலேயே அடுத்த சோதனையையும், பொருத்தமானவர்களுக்குச் சிகிச்சையையும் அளித்தனர். இன்னொரு நாள் இல்லை. இன்னொரு பேருந்து இல்லை. இடையில் மனம் மாற ஓர் இரவும் இல்லை. முன்புற்றுநிலை கண்டறியப்பட்ட 1,874 பெண்களுள் சிகிச்சை பெற்றோரோ 72 விழுக்காட்டினரே. வழியில் படிகள் கூடக் கூட மக்கள் உதிர்கின்றனர். 'நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று மேடைகளில் பேசுகிறோம். பல வேளைகளில் அவர்களுக்கு இல்லாதது விழிப்புணர்வன்று, அடுத்த படிக்கு ஏறக் கைப்பிடி.

பெருங்குடல் சோதனையை ஒரே வருகையில் முடிக்க இயலாது. குடல் கழுவ ஒரு நாள் வேண்டும். அந்த இடைவெளியில்தான் அச்சம் நுழைகிறது. அங்குதான் நமக்கு வேலை. உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968-இல் வகுத்த நெறிகளில் ஒன்று, நோயை உறுதிசெய்யவும் சிகிச்சையளிக்கவும் வசதி இருந்தாலன்றி மக்களைத் திரட்டிச் சோதிக்கலாகாது என்பது. முகாம் நடத்தும் ஆலயமாயினும், சங்கமாயினும், ஆலையாயினும் இதை மனத்திற்கொள்ள வேண்டும். எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண் செய்தித்தாளுக்கு உதவும். பாசிட்டிவ் ஆனவர்களுள் எத்தனை பேர் அடுத்த சோதனையை முடித்தனர் என்ற எண்ணே மனச்சான்றுக்கு உதவும். தமிழக அரசு 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பூர், கன்னியாகுமரி, இராணிப்பேட்டை மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தில் இடம்பெற்றவை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவை, பெருங்குடல் அன்று. ஆனால் முழு உடல் பரிசோதனைகளில் மலச் சோதனையையும் சேர்ப்பது இன்று வழக்கத்தில் உள்ளது. உறுப்பு எதுவாயினும் நெறி ஒன்றே: ஒருவர் கையில் கேள்வியைக் கொடுத்தவர், விடை கிடைக்கும்வரை அவரைக் கைவிடலாகாது.

அவசரம் எவ்வளவு என்பதிலும் அளவறிந்து பேசுதல் நன்று. கலிபோர்னியாவில் 70,124 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பாசிட்டிவ் முடிவுக்குப்பின் சில வாரங்களோ சில திங்களோ தாமதித்தவர்களிடம் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பத்துத் திங்களைத் தாண்டியபோது நோயும், முற்றிய நிலையில் அதைக் காண்பதும் மிகுந்தன. ஆகவே இன்றிரவு உறக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. பாவு தீரட்டும், நோன்பி முடியட்டும், தீபாவளி போனஸ் வரட்டும் என்று அடுத்த ஆண்டுக்குத் தள்ளவும் கூடாது. அச்சுறுத்தி அனுப்பப்படுபவர் ஓடி ஒளிவார். உண்மையான அளவில் சொல்லப்படுபவர் நாள் குறித்துக்கொள்வார்.

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்பது வள்ளுவர் கருத்து: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவர். 'மருந்து' அதிகாரத்தை அவர் அதைக் கொண்டே நிறைவுசெய்கிறார். நோயாளி அந்நான்கில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது, அவர் வெறும் சுமையல்லர், பொறுப்புள்ள பங்காளர் என்பதைக் காட்டுகிறது. எனவே அறியாதிருக்க உரிமை உண்டா என்ற கேள்விக்கு நம் விடை இதுவே: வலுவந்தமாக எவரையும் மேசையில் படுக்கவைக்க யாருக்கும் உரிமை இல்லை; அந்த அளவில் அவருடைய மறுப்பு மதிக்கப்பட வேண்டும். ஆனால் தனக்குத் தானே அந்த மறுப்பை நியாயப்படுத்திக்கொள்ள, தப்பும் வழி திறந்திருக்கும்போது, மனச்சான்று இடங்கொடாது.

நான்காம் கூறாகிய உடனிருப்பவரைத்தான் நம் ஊர்களில் தேட வேண்டியிருக்கிறது. சோதனைக்கு முந்தின இரவு தனிக் கழிவறையுள்ள தம் வீட்டின் ஓர் அறையை ஒருவர் திறந்துவிடலாம். இரு நாள் கூலியை முதலாளி பிடிக்காதிருக்கலாம். அதிகாலைப் பேருந்தில் பக்கத்து வீட்டார் ஒருவர் உடன் ஏறலாம். மயக்கம் தெளியும்போது மருத்துவர் சொல்வதைக் கேட்டுவைக்க ஒரு காது வேண்டும். நம் தெருவில், கையில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். "போய்ப் பாருங்கள்" என்று அவரிடம் சொல்வது எளிது. "என்றைக்குப் போகலாம்?" என்று கேட்பதே அன்பு.